முன் வலது

வெள்ளிக்கிழமை பாட் மாற்றிக் கொடுத்த வான்
திங்கள் காலை திரும்பி வந்தது.
பதின்மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு
நேரே பாலையூற்றுக்கு,
ஹோர்ன் அடிக்காமல்.
அப்படி வருகிறவர்களுக்குத்தான் நான் பயப்படுவது.

ஜெசிந்தா இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை.
"கோட்டைப் பக்கம் மான் ஒண்டு குறுக்க பாஞ்சது.
மிதிச்சன், நிண்டது. அதில குறை சொல்லேலாது.
காலை எடுத்த பிறகும் நிண்டதுதான் பிரச்சினை.
ஆரோ வலப்பக்கச் சில்லைக்
கட்டிப்பிடிச்சுக்கொண்டு வாற மாதிரி."

கேட்பது பாதி வேலை. மீதி, கை.
நான்கு சில்லுக்கும் புறங்கையைக் காட்டினேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
பின் இரண்டும் குளிர். முன் இடது இளஞ்சூடு.
முன் வலதுக்கு அருகே கை போகவில்லை;
கன்னியாவின் ஏழு கிணற்றிலும் இந்தச் சூடு இல்லை.
கருகல் மணத்தைக் கடல்காற்று தூக்கிப்போய்ப்
பக்கத்துத் தையல் கடையில் போட்டது.

ஜக் அடித்தேன். சில்லு சுழலவில்லை.
டிலக்சன் தீர்ப்பே சொல்லிவிட்டான்:
"மாஸ்டர் சிலிண்டர், அண்ணே."
மாஸ்டர் என்றால் இடதும் பிடித்திருக்குமே.
பிஸ்டன் இறுகியிருக்கலாம்,
சிலைட் பின் காய்ந்திருக்கலாம்.
இருக்கலாம் என்ற சொல்லில்
பதின்மூன்று பிள்ளைகளை ஏற்ற முடியாது.

பத்தாம் நம்பர் ஸ்பானர்.
கலிப்பரின் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தேன்.
ஒரு தும்மல் அளவுக்கு எண்ணெய் பீறிட்டது.
சில்லு விட்டுக்கொடுத்தது,
ஒற்றை விரலுக்குச் சுழன்றது.
பிஸ்டன் மேல் குற்றமில்லை.

மூடினேன். டிலக்சனை மிதிக்கச் சொன்னேன். பிடித்தது.
காலை எடுத்தான். விடவில்லை.
இம்முறை மேலே,
இரும்புக் குழாயும் றப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்தினேன்.
ஒரு சொட்டு.
சில்லு அசையவே இல்லை.

நடுவில் மிச்சம் ஒன்றரைச் சாண் றப்பர்.
வெளியே வழுவழுப்பு, ஒரு வெடிப்பில்லை.
கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன்.
உள்தோல் உரிந்து நாக்குப்போல் கிடந்தது.
மிதித்தால் ஒதுங்கி வழிவிடும்,
விட்டால் படிந்து மூடும்.

"பழசுதானே, அண்ணே," என்றான் டிலக்சன்,
குரலைத் தாழ்த்தி எனக்கொரு கதவைத் திறந்துவைத்து.
பன்னிரண்டு வருட ஹோஸ். பழசுதான்.
அந்தக் கதவால் நான் போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை
கலிப்பரைக் கட்டித் தொங்கவிடும் கம்பி மேசையில் இருந்தது,
எட்டடி தள்ளி.
கிண்ணியாவிலிருந்து மர்சூக் கூப்பிட்டான்,
லொறிச் சாமான் விலை கேட்டு.
போனைக் காதில் இடுக்கிக்கொண்டு
கலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டுவிட்டுப்
பிளேன்ரீ குடிக்கப் போனேன்.
நாலு கிலோ இரும்பு.
அரை மணித்தியாலம்.

அதை அவளிடம் சொன்னேன். மர்சூக்கை விட்டுவிட்டு,
தேநீரையும் இரும்பையும் மட்டும்.
கிழித்த ஹோஸை வாங்கி விரித்துப் பார்த்தாள்.
உள்ளே விரலைவிட்டு அந்த நாக்கை
ஒருமுறை தூக்கி விட்டாள்.
"இடதுக்கு?"
"கம்பி போட்டன்."
"ரெண்டையும் மாத்துங்கோ.
ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும்."

அநுராதபுரச் சந்தியில் ஹோஸ் கிடைத்தது, என் காசில்.
டிலக்சன் மிதிக்க நான் காற்று எடுத்தேன்,
குழாயில் கடைசிக் குமிழி ஓயும்வரை,
ஓய்ந்த பிறகும் நாலு தரம்.

உவர்மலை இறக்கத்தில் அவள் ஓட்டினாள்.
நான் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.
மிதித்தாள், விட்டாள். மிதித்தாள், விட்டாள்.
கீழே கடலோரம் நிறுத்தி இறங்கி
முன்சில்லு இரண்டையும் தானே தொட்டுப் பார்த்தாள்,
புறங்கையால், நான் செய்த மாதிரியே.
வலதை இரண்டு தரம்.

எதுவும் சொல்லவில்லை.
கராஜ் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனாள்.
போகும்போதும் ஹோர்ன் அடிக்கவில்லை.